பிரேக்கின் மேலே சிவப்பு நூல்

மட்டக்களப்புக்குப் பக்கத்தில், தன்னாமுனையில் மெயின் ரோட்டோரம் வாகன வயரிங் வேலை செய்த ஜெயராஜா பாஸுக்கு (தொழில் தெரிந்த மெக்கானிக்கை நாங்கள் பாஸ் என்போம்) ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எதையும் அரைகுறையாக விடமாட்டார். ஹோர்ன் அடிக்கவில்லை என்று வாகனத்தைக் கொடுத்தால், நாம் கேட்காத நாலு விஷயத்தையும் சேர்த்துத் திருத்தித் தருவார். நான் பக்கத்துக் கடையில் டயர் ஒட்டுகிறவன். "கேட்டத மட்டும் செய்தாக் காணாதா பாஸ்?" என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! காது கொடுத்தால்தானே.

இன்னொரு பழக்கமும் உண்டு. இரண்டு வயரைப் பொருத்தி டேப் சுற்றினால், வெக்கையில் அது கழன்றுவிடாமல் மேலே சிவப்பு நூலால் மூன்று சுற்றுக் கட்டுவார். மனைவி பீற்றிஸின் தையல் பெட்டியில் எடுத்த நூல். பாஸ் ஒப்பம் வைக்கிறார் என்று நான் கேலி செய்வேன்.

2010 தை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, யோகராசா அண்ணன் தன் பழைய ஜப்பான் வானைக் கொண்டுவந்து நிறுத்தினார். வாடகைக்கு ஓடுகிற வான். இறங்கியவர் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"பாஸ், என்ட பொஞ்சாதி வானுக்குள்ள இரிக்கா" என்றார்.

அவர் மனைவி சீதேவிப்பிள்ளை சுனாமியில் போனது அந்த வானுக்குள்தான். கடலோர நாவலடியிலிருந்து இருவரும் தப்பி ஓடிய நேரம் அது. "நிப்பாட்டாதீங்க, ஓடுங்க!" என்று அவள் கத்திக்கொண்டிருக்க, கைக்குழந்தையோடு ஓடிவந்த ஒருத்தியை ஏற்றுவதற்காக அண்ணன் பிரேக்கில் கால் வைத்தார். அந்த நிமிடம் கடல் வந்தது. வானிலிருந்து அடித்து எறியப்பட்ட அவரை ஒரு தென்னை தடுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் வாவிக் கரையில் வானைக் கண்டெடுத்தார்கள், உள்ளே அவளையும்.

அண்ணனுக்கு வேறு பிழைப்பு இல்லை. அடுத்த வருடம் அதே வானுக்கு உயிர் கொடுத்தது நம் பாஸ்தான். உப்பு ஏறிய வயர்களை நல்ல தண்ணீரில் கழுவி, கடை முன்னால் கொடி கட்டி வெயிலில் காயவிட்டது இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

இப்போது சண்டை முடிந்து, பொலநறுவை ரோட்டில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றிகள் குறைந்துவிட்டன. கனடாவிலிருந்து வந்த பயணி ஒருவர், ஸ்டியரிங் அருகில் இருந்த சின்னத் தண்டைக் காட்டி, இதுதான் குரூஸ் கொன்றோல் என்றாராம். இதை அமர்த்தினால் காலை எடுத்தாலும் வான் ஒரே வேகத்தில் ஓடும், பிரேக் பிடித்தால் தானாக விட்டுவிடும்.

"ஓடுறது உண்மதான் பாஸ். ஆனா பிரேக்க அமத்தினா விடுதில்ல. அக்சிலேட்டர் தானாக் கீழ போகுது. புணானையில மாடு குறுக்க வந்திட்டு, மயிரிழையில தப்பினன். அண்டைக்கு நிப்பாட்டாதீங்க எண்டு சொன்னாதானே. இண்டைக்கும் நிப்பாட்ட விடுறா இல்ல."

வெள்ளிக்கிழமை மந்திரம் பார்க்கிற கட்டாடியார் வந்து, ஆவியை ஆணியடித்துக் கட்டுவதாக ஏற்பாடாம். அதைச் சொல்லும்போதே அண்ணன் அழுதுவிட்டார்.

"முப்பத்தொரு வருசம் என்னோட சீவிச்சவ. அவவக் கட்டச் சொல்லி நானே வெத்தில வெச்சுக் குடுத்திட்டு வாறன். அதுக்கு முதல் நீங்க ஒருக்காப் பாருங்க. வயர்ப் பிழையெண்டா அவவ விட்டிரலாம்."

பாஸ் வானின் பின் சில்லுகளை நிலத்தில் படாமல் கட்டைகளில் தூக்கி நிறுத்தினார். எஞ்சினை இயக்கி, ஐம்பதில் வைத்து, தண்டை அமர்த்திவிட்டுக் காலை எடுத்தார். சில்லுகள் அதே வேகத்தில் சுற்றின. பிறகு பிரேக்கை மெல்ல அமர்த்தினார்.

அக்சிலேட்டர் பெடல் தானாகக் கீழே இறங்கியது. அதில் எவர் காலும் இல்லை. எஞ்சின் உறுமியது. நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். எனக்குப் பயம்தான், அதைச் சொல்ல என்ன வெட்கம்?

பாஸ் தண்டைப் பழையபடி விட்டார். பெடல் மேலே வந்தது. அப்படியானால் தண்டில் பிழை இல்லை, பெடலை இழுக்கிற கேபிளும் சிக்கவில்லை. பிரேக்கை அமர்த்தியபடி பின்னால் பார்க்கச் சொன்னார். சிவப்பு லைற் ஒழுங்காக எரிந்தது. மிச்சமிருந்தது பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்சில் குரூஸைத் துண்டிக்கிற மற்றப் பாதி. டோர்ச்சோடு மல்லாந்து படுத்து உள்ளே தலையை விட்டார்.

டோர்ச் வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. நாங்கள் இருவரும் குனிந்து பார்த்தோம். கறுப்பு டேப். அதன்மேல் சிவப்பு நூல், மூன்று சுற்று.

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "பாத்தீங்களா? நூல்! ஆரோ செய்வின செய்து கட்டி வெச்சிரிக்காங்க. ஆரு பாஸ் கட்டின இது?"

பேசாமல் இரும் என்று நான் பாஸுக்குக் கண் காட்டினேன். நூலை அறுத்து வாவியில் எறிந்தால் விஷயம் முடிந்தது, பாஸின் பெயரும் பிழைத்தது. இப்போது நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

பாஸ் வெளியே வந்து எழும்பி நின்றார்.

"நான்தான் கட்டினன் அண்ணன்."

2005இல் டாஷ்போர்டில் ஒரு சின்ன லைற் மின்னிக்கொண்டே இருந்தது. இது என்ன மின்னுகிறது என்று ஆமிக்காரர்கள் இரண்டு தடவை எல்லாரையும் இறக்கிச் சோதித்தார்கள். அதை நிறுத்தித் தரச் சொன்னதும் அண்ணன்தான். பல்பைக் கழற்றினால் போதும். பாஸ் அப்படி விடுவாரா? தேடிப் பார்த்தார். பிரேக் பிடித்ததும் குரூஸைத் துண்டிக்கிற பாதியை உப்பு தின்றிருந்தது. அதனால்தான் லைற் மின்னியது, குரூஸும் வேலை செய்யாமல் கிடந்தது. அந்தச் சுவிட்ச் அப்போது இந்தப் பக்கம் எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே இரண்டு வயரையும் நேராகப் பொருத்திக் கட்டினார். லைற் அணைந்தது. செத்துக் கிடந்த குரூஸ் உயிர்த்துக்கொண்டது, பிரேக்குக்கு அடங்காமல்: பிரேக் வேகத்தைக் குறைக்கக் குறைக்க, அது அக்சிலேட்டரைக் கூட்டி இழுத்தது. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்ட கதை.

"அண்டைக்குத் தடுக்கி விழுந்தா சென்றி. இந்த ரோட்டில ஆரு குரூஸ் போடப்போறான் எண்டு நினைச்சிட்டன். சண்ட முடியும், ரோட்டுத் திறக்கும் எண்டு எனக்கு நம்பிக்க இல்ல அண்ணன்."

எனக்கு மட்டும் இருந்ததா? அந்த வருடம் எவரைக் கேட்டிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

அண்ணன் பாஸை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அவ...?"

"அக்கா இல்ல அண்ணன். நான்."

பாஸ் ஓட்டமாவடிக்குப் போய்ப் பழைய வாகனச் சாமான் கடையில் தேடி ஒரு சுவிட்ச் கொண்டுவந்தார். வியாழன் பின்னேரம் மூவரும் ஏறாவூர்ப் பக்கம் போனோம். அண்ணன் ஓட்டினார், பாஸ் பக்கத்தில், நான் பின்னால். ரோட்டு வெறுமையாக இருந்த இடத்தில் அண்ணன் தண்டை அமர்த்திக் காலை எடுத்தார். வான் தானாக ஓடியது. பிரேக்கை மெல்லத் தொட்டார். அக்சிலேட்டர் மேலே வந்தது. வான் வேகம் குறைந்து, ரோட்டோரமாக ஒதுங்கி நின்றது.

அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எதையோ காத்திருப்பவர் மாதிரி இருந்தார். பிறகு பக்கத்து ஆசனத்தைப் பார்த்தார். அங்கே பாஸ்தான் இருந்தார்.

"நிண்டிட்டு பாஸ்" என்றார். "அவ ஒண்டும் சொல்லல்ல."

அண்ணன் எஞ்சினை நிறுத்தினார்.

"கோவத்தோடயாவது கூட இரிக்கா எண்டு நினைச்சன்."