தலைமாட்டில் ஒரு கதிரை

உளப்பகுப்பாய்வின் வரலாற்றைப் படிப்பிக்கிறவள் நான். நோயாளியைப் படுக்க வைத்துப் பேச விடும் அந்தச் சாய்கட்டிலைப் பற்றி வருடக்கணக்காக வாய் கிழியப் பேசியிருக்கிறேன். ஒருநாளும் அதில் படுத்துப் பார்த்ததில்லை. சென்ற ஆண்டு படுக்க வேண்டி வந்தது. யாராவது பின்னால் நடந்து வந்தாலே, அவர் கடந்து போகும் வரைக்கும் சுவரோடு ஒதுங்கி நின்றுவிடுவேன். அண்ணன் போன கதையை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஒரு தடவையாவது வாய் திறந்து சொல்லாவிட்டால் இந்தப் பயம் சுடலை வரைக்கும் கூட வரும் என்று தோன்றியது.

மட்டக்களப்பில், வாவியைப் பார்த்த ஒரு மாடி அறை. டொக்டர் இளவயதுக்காரர், வெளிநாட்டில் படித்து வந்தவர், முறை தவறாத மனிதர். என்னைப் படுக்கச் சொல்லிவிட்டு, புத்தகத்தில் உள்ளபடியே தலைமாட்டுக்குப் பின்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"மனசில வாறதச் சொல்லுங்க மிஸ். ஒண்டையும் மறைக்க வேணாம்."

மறைக்க வேண்டாம் என்று, அண்ணன் போன அன்றைக்கும் ஆமிக்காரர் சொன்னார்கள். சண்டைக் காலத்தில் எங்கள் ஊரைச் சுற்றிவளைத்து, எல்லோரையும் மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். ஜீப்புக்குள், ஆள் காட்டிக்கொடுக்கிற 'தலையாட்டி' இருந்தான். எங்களுக்குள்ளேயே ஒருவன்தான், சாக்கால் முகத்தை மூடியிருந்தான். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் பேசமாட்டான். தலையை ஆட்டினால் அந்த ஆள் முடிந்தது. அண்ணனுக்கு ஆட்டினான்.

கட்டிலில் கிடந்தபடி இதையெல்லாம் நினைத்தேன். பின்னால் பேனா கீறுகிற சத்தம். யார், எந்த முகத்தோடு எழுதுகிறார் என்று தெரியவில்லை. சின்னப்பிள்ளை மாதிரிப் பயந்தேன். ஒரு சொல் வரவில்லை.

நான் படிப்பிக்கும் வரலாற்றில் இந்த மௌனத்துக்கு 'எதிர்ப்பு' என்று பெயர். நோயாளியின் மனம் உண்மையை வெளியே விடாமல் மறிக்கிறதாம். நல்ல கதை. பெயர் வைத்தவர்கள் கதிரையில் இருந்தவர்கள். அந்தக் காலத்தில் படுத்துக் கிடந்த பெண் நோயாளிகளுக்குத் தெரிந்தது கூரை மட்டும். அவர்களில் எத்தனை பேர் வெறுமனே பயந்து கிடந்தார்களோ, யார் கேட்டார்கள்? நானும் இத்தனை காலம் கேட்கவில்லை.

எழும்பி உட்கார்ந்தேன்.

"டொக்டர், நீங்க ஒருக்காப் படுங்க. நான் கதிரையில இரிக்கிறன்."

"அது முறை இல்லையே மிஸ்."

"ஓம், இல்லத்தான். படுங்க."

சிரித்துக்கொண்டு படுத்தார். கதிரையிலிருந்து பார்த்தால் முகமே இல்லை. தலைமயிரும் ஒரு காது நுனியும் மட்டும் தெரிந்தன. பயம் கண்ணில் அல்லவா இருக்கும், அது இங்கே யாருக்குத் தெரியப்போகிறது?

கொஞ்ச நேரம் பகிடியாக ஏதோ பேசினார். பிறகு சிரிப்பு நின்றது.

"சுனாமியண்டு வாகரையில கடல் வந்த நேரம்... நான் சின்னப் பொடியன். அம்மாட கைய நான்தான் விட்டுட்டன்."

அவருக்குப் பின்னால், அவர் காணாத இடத்தில் இருந்துகொண்டு, நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.