பதினேழாம் நம்பர் சிரிப்பு

ஸ்டுடியோவில் அவருக்குச் சிரிப்பு சார் என்று பேர். மனுஷன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. டிவியில் வாரம் ஒருமுறை வரும் நகைச்சுவைத் தொடரில், எங்கெங்கே ஜனங்கள் சிரிக்க வேண்டுமோ அங்கெல்லாம் சிரிப்பொலி சேர்ப்பது அவர் வேலை. ஜன்னல் இல்லாத சின்ன அறை, காதை மூடிய ஹெட்போன், கம்ப்யூட்டரில் நம்பர் போட்டு அடுக்கிய நாற்பது சிரிப்புகள். பதினொரு வருஷமாக ஊரார் சிரிப்பைக் கட்டி மேய்த்ததில் சொந்தச் சிரிப்பு எங்கேயோ தொலைந்துவிட்டது.

தொடரில் பெரிய கதையெல்லாம் கிடையாது. மூடாத பேஸ்ட் மூடி, கட்டிலில் போட்ட ஈரத் துண்டு, மாடிவீட்டுக்காரர் நாற்காலி இழுக்கும் சத்தம் என்று எல்லாம் அற்பச் சண்டைகள். அதற்குச் சரக்கு வேண்டுமே? திங்கட்கிழமைதோறும் பதினோரு மணி டீக்கு, கதாசிரியர் கேன்டீனில் நோட்டோடு உட்கார்ந்து, "இந்த வாரம் யார் வீட்ல என்ன தகராறு?" என்று கேட்பார். டிரைவர், லைட் போடுகிறவர், மேக்கப் அம்மா எல்லோரும் கொட்டித் தீர்ப்பார்கள். யார் குறை எபிசோடாகிறதோ, அந்த வாரம் கேன்டீனில் அவர்தான் ராஜா. சிரிப்பு சார் மட்டும் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்து போவார்.

ஒரு திங்கட்கிழமை என்ன தோன்றியதோ, அவரும் வாயைத் திறந்தார். "எங்க வீட்ல அவ வாஷிங் மெஷின்கூடப் பேசுறா."

கேன்டீனே திரும்பிப் பார்த்தது. அவர் பக்கம் அப்படி யாரும் திரும்பியதில்லை. அந்த ருசியில் மிச்சத்தையும் சொன்னார். "'மெதுவா சுத்துடா, எங்க ஓடப்போற'ங்கிறா. அப்புறம் அதைத் தட்டிக்கொடுத்து, 'நான் பேசினா நீயாவது ஒரு சத்தம் குடுக்குறியே'ங்கிறா."

மேக்கப் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். கதாசிரியர் எழுதிக்கொண்டார்.

சிரிப்பு சார் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. நாளெல்லாம் காதுக்குள் சிரிப்பைக் கேட்டுவிட்டு வருகிறவருக்கு வீட்டில் யாரும் வாய் திறக்காமல் இருந்தால் தேவலை. அவர் மனைவியோ பேசுகிறவள். ஒருதரம் சொல்வாள், பதில் வராது. உரக்கச் சொல்வாள். பிறகு எதிரில் வந்து நின்று சொல்வாள். ஒருநாள் எரிச்சலில், "ஹெட்போன் மாட்டி மாட்டிக் காது மந்தமாயிடுச்சு, விடு" என்று சொல்லிவைத்தார். அந்த நிமிஷத்துக்கு வாயில் வந்த பொய். அதன்பிறகு அவள் தட்டைத் தொட்டுக் காட்டிச் சாப்பிடக் கூப்பிட்டாள். அவருக்கு அது வசதியாகவே இருந்தது. அவள் மெஷினோடு பேசியதைக் கதவோரம் நின்று கேட்டபோதும், உள்ளே போய் ஒரு வார்த்தை பேசாமல் அப்படியே திரும்பிவிட்டார். கெட்டவர் இல்லை, சோம்பேறி. கட்டினவளுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பிறகு அவள் அக்காவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று ஊருக்குப் போனாள். பத்து நாள் என்று சொல்லிப் போனவள், நாற்பது நாள் ஆகியும் வரவில்லை. அங்கே பேசினால் பதில் சொல்ல ஆள் இருந்தது. இங்கே மெஷின் துவைத்து முடித்துக் கீச்சென்று கத்தும்போதெல்லாம் அவர் எழுந்து போய்க் கதவோரம் எட்டிப் பார்த்தார். ஆசைப்பட்ட அமைதி கிடைத்துவிட்டது, அதில்தான் உட்கார முடியவில்லை. அப்படியிருக்க ஒருநாள் அவளே ஃபோனில், அவருக்குக் கேட்க வேண்டுமே என்று கத்தி, "ஞாயித்துக்கிழமை வரேன்" என்றாள். அவர் உடனே எழுந்து வீட்டைப் பெருக்கினார்.

அந்த வாரம் புதன்கிழமை எபிசோடு அவர் மேஜைக்கு வந்தது. நடிகை மெஷினைத் தட்டிக்கொடுத்து, அவர் மனைவி சொன்னதை ஒரு சொல் மாறாமல் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் ஒளிபரப்பு. அக்கா வீட்டில் இந்தத் தொடரைத் தவறவிடவே மாட்டார்கள்.

"இந்த சீன் வேணாமே சார்" என்றார் டைரக்டரிடம்.

"இதுதான்யா எபிசோடே. அந்தப் பதினேழைப் போடு, தூக்கிடும்."

தொடர் ஆரம்பித்த வருஷம், ஊழியர் குடும்பங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சிரிப்பைப் பதிவு செய்தார்கள். சின்னதாக ஆரம்பித்து, மூச்சு முட்டி நின்று, மறுபடி பீறிட்டு வரும் பதினேழாம் நம்பர் அவர் மனைவியுடையது. முதலில் எல்லாம் டிவியில் அது வரும்போது, "அது நான்" என்று அவரை இடிப்பாள். இப்போது அவர் கை பன்னிரண்டுக்குப் போனது. டைரக்டர் பின்னாலேயே நின்றார். வேலை போய்விடுமோ என்ற பயமா, கைப்பழக்கமா, பதினேழைப் போட்டுவிட்டார்.

சனிக்கிழமை தொடர் முடிந்ததும் ஃபோன் வந்தது.

"பார்த்தேன்" என்றாள். கத்தவில்லை, மெல்லத்தான் பேசினாள். "அக்கா கண்ல தண்ணி வர்ற மாதிரி சிரிச்சா. அங்க சிரிச்சது நான்தானே?"

"ஆமா."

"மெஷின் ஓடுற சத்தத்துல நான் முணுமுணுத்தது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

அவர் ஃபோனை மறு காதுக்கு மாற்றினார்.

"இப்பவும் மெதுவாத்தான் பேசுறேன். கேக்குதில்ல?" அவள் குரல் உடைந்தது. "காது போச்சேன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன். திங்கக்கிழமை பதினோரு மணிக்குக் காது டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருந்தேன். உங்களைக் கூட்டிட்டுப் போகத்தான் வரதா இருந்தேன். இனிமே எதுக்கு."

ஃபோனை வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கேன்டீனில் எல்லோரும் சிரிப்பு சாரைச் சுற்றி நின்று கை தட்டினார்கள். அந்த வாரம் அவர்தான் ராஜா.