ஜாதகத்துக்கு வேகம் கூட்டிய மாமா

ஓடுகிற எதையும் அதன் போக்கில் விடுகிற பழக்கம் என் மாமாவுக்குக் கிடையாது. மிக்சியோ மொபெட்டோ, பிரித்துப் போட்டு இன்னும் வேகமாக ஓடுமா என்று பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். தொண்ணூற்றொன்றில், அவர் வேலை பார்த்த மறைமலை நகர் கம்பெனியில் கழித்துப்போட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்று மணிமங்கலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அதன் தலையெழுத்தும் அதுதான்.

அதில் ஜாதகப் பொருத்தம் பார்க்கும் புரோகிராம் ஒன்றைப் போட்டிருந்தார். டைப்ரைட்டிங் படித்திருந்த சித்தி, அதாவது மாமாவின் தங்கை, பிறந்த நாள் நட்சத்திரமெல்லாம் அடித்துக் கொடுப்பாள். அப்புறம் பெட்டி யோசிக்க ஆரம்பித்தால் அரை மணி நேரம். வந்தவர்கள் அம்மா போட்ட காபியைக் குடித்தபடி காத்திருப்பார்கள். அவர்கள் கிளம்பிய பிறகு எனக்குப் பாம்பு விளையாட்டு.

தண்டலத்திலிருந்து ஓர் அண்ணன் வருவார். தன் தங்கைக்கு வரன் தேடிக்கொண்டிருந்தார். ஞாயிறு தவறாமல் புது மாப்பிள்ளை ஜாதகம் ஒன்றோடு வந்துவிடுவார். அந்த அரை மணி நேரமும் அவரும் சித்தியும் பேசுவார்கள். பெரிதாக ஒன்றுமில்லை, மழை, பஸ், அவருடைய சூப்பர்வைசரின் கோபம், அவ்வளவுதான். இதற்குப் போய் சித்தி காலையிலேயே தலைக்குக் குளித்துப் பூ வைத்துக்கொள்வாள். அன்றைக்கு என்னைத் திட்டவே மாட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமைச் சித்தியை ரொம்பப் பிடிக்கும்.

மாமாவுக்கோ அந்த அரை மணி நேரம் மானப் பிரச்சினை. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போய் கிரிஸ்டல் ஒன்றை வாங்கிவந்தார். பெட்டிக்குள் தாளம் போடுகிற சின்னத் தகரச் சில்லு அது. தாளம் வேகமானால் கணக்கும் வேகமாகும் என்றார். பழையதைக் கழற்றிப் புதியதைப் பற்றவைத்தார். சூடாகும் என்று மூடியைக் கழற்றிவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராகத் திருப்பி வைத்தார்.

அரை மணி பாதியாகச் சுருங்கியது. அடுத்த ஞாயிறு அண்ணன் மழையை முடித்து பஸ்ஸுக்கு வருவதற்குள் பிரிண்டர் காகிதத்தைத் துப்பிவிட்டது.

"எப்டி நம்ம ஸ்பீடு?" என்றார் மாமா.

"சூப்பருங்க," என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்தார்.

சித்தி அன்று என்னைத் திட்டித் தீர்த்தாள். எனக்கும் எரிச்சல்தான். பாம்பும் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடி, நான் விரல் வைப்பதற்குள் சுவரில் முட்டிச் செத்தது.

அதற்கடுத்த வாரம் ஜாதகத்தைக் கொடுக்கும்போதே அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"இது ஒத்துப்போச்சுனா முடிச்சிடலாம்னு அப்பா சொல்லிட்டாரு. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

"தொந்தரவுனு யாரு சொன்னாங்க?" என்றாள் சித்தி.

கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே நின்றுபோனது. கணக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டி ஏறிக்கொண்டிருந்த எண் நகரவே இல்லை. மாமா கொல்லையில் மொபெட்டைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"சித்தி, நின்னுபோச்சு. மாமாவக் கூப்டட்டா?"

"ஓடிக்கினுதான் கீது. கம்முனு உக்காருடி."

ஓடவில்லை. ஆனால் இரண்டு பேரும் அந்தச் செத்த திரைக்கு முன்னால் அத்தனை சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு பஸ் போனது, அடுத்ததும் போனது.

கை கழுவிக்கொண்டு வந்த மாமா, போர்டைத் தொட்டு விரலை உதறினார். "இன்னாம்மா, இப்டிக் கொதிக்குது, பாத்துக்கினா உக்காந்திருந்தீங்க?" வேகமே வேண்டாம் என்று அப்போதே பழைய கிரிஸ்டலைப் பற்றவைத்து, கணக்கை முதலிலிருந்து ஓட்டினார். இந்த அரை மணி நேரமும் மாமா பெட்டியை விட்டு நகரவில்லை. கடைசியில் காகிதம் வந்தது. பத்துக்கு ஒன்பது பொருத்தம்.

"கையக் குடுங்க. தங்கச்சிக்குக் கல்யாணம்," என்றார் மாமா.

அண்ணன் கை கொடுத்தார். காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார், சித்தியைப் பார்த்தார்.

"இன்னொரு வாட்டி போட்டுப் பாத்துடலாங்களா?"

"எத்தினி வாட்டி போட்டாலும் அதேதாங்க வரும்," என்றார் மாமா.

"பரவால்லங்க. மெதுவாவே வரட்டும்."

அதற்குள் சித்தி கீபோர்டு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். "இந்தாளுக்குக் கம்ப்யூட்டர் மேல நம்பிக்கையே இல்ல பாரு," என்று மாமா என்னிடம் வருத்தப்பட்டார். மாமாவை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. ஒன்பது பொருத்தம் வந்தும் நம்பாத மனுஷனை நானும் அன்றுதான் பார்த்தேன்.