மூன்றாவது உயிர்

டிரம்கார் பிரபு தும்மினால், அவருடைய தாயாருக்கு முன்பே பதறுபவர் கான் மெக்கில்வீன். அவர் ஆளிச்செடி பயிரிட்டு லினன் நெய்யும் எளிய குடியானவர். அந்த வட்டாரத்துக் குத்தகைப் பத்திரங்களில் ஆண்டுக்கணக்கு இருக்காது; மூவரின் பெயர்கள் இருக்கும். அம்மூவரில் கடைசி ஆள் உயிரோடிருக்கும்வரை நிலம் குடியானவருடையது.

கானின் தந்தை தம் பெயரையும் மூத்த மகன் பெயரையும் எழுதச் சொன்னார். மூன்றாவதாக, அப்போது தொட்டிலில் கிடந்த பிரபுவின் வாரிசைச் சொன்னார்.

"பெரிய வீட்டுப் புள்ள. பட்டினி தெரியாது, ஒழுகுற கூரை தெரியாது. நம்ம எல்லாருக்கும் மண்ணு போட்டுட்டுத்தான் போகும்!"

தந்தை மறைந்தார். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அண்ணன் கடலோடு போனார். எஞ்சியது தொட்டில் குழந்தைதான். அது அம்மையில் பிழைத்தது. பதினெட்டாம் வயதில் பிரபுப் பட்டம் பெற்றது. பிறகு டப்ளின் நாடாளுமன்றத்துக்குப் போனது. அங்கே சுடுசொல் சொன்னவர், மறுநாள் புல்வெளியில் துப்பாக்கியோடு நின்றாக வேண்டும். இதைத் தந்தை எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் சண்டையில் பிரபுவின் தொப்பி பறந்தது. இரண்டாவதில் கால் ஊனமாயிற்று. மூன்றாவது சவால் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டதும் கான் மாளிகைக்கு ஓடினார்.

"மன்னிப்புக் கேட்டுடுங்க துரை. ஒரு வார்த்தைதானே?"

"ஏன்யா, என் உயிரு உன் கொட்டில்ல கட்டுன மாடா?"

"மாடு செத்தா வேற மாடு வாங்கிக்குவேன் துரை."

பிரபு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்லாப் பேசுறய்யா! ஆனா அவனைப் பொய்யன்னு சபையில சொல்லிட்டேன். இப்ப பின்வாங்குனா நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்?"

செவ்வாய்க்கிழமை வண்டி டப்ளினுக்குப் புறப்பட்டது.

ஞாயிறன்று தேவாலயத்திலிருந்து திரும்பிய கான், தம் வயலில் இருவர் அளவுச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருப்பதைக் கண்டார். பிரபுவின் காரியஸ்தர் அனுப்பிய ஆட்கள். கானின் மனைவி ஜேனட் வேலியருகே கைகட்டி நின்றாள்.

"துரை போயிட்டாரா?" என்றார் கான்.

"வயித்துல குண்டாம். மூச்சு இன்னும் இருக்காம்," என்றான் ஒருவன், அவர் முகத்தைப் பாராமல். "காரியஸ்தரு அளந்து மட்டும் வைக்கச் சொன்னாரு. கொஞ்சம் காலை எடுங்கண்ணே."

கான் காலை எடுத்தார். வயலோரக் குளத்தில் இறங்கி, நார் பிரிய இன்னும் நான்கு நாள் ஊற வேண்டிய ஆளிக்கட்டுகளைக் கரைக்கு இழுத்துப் போடத் தொடங்கினார்.

"நாரு கெட்டுப்போகுமே!" என்று கத்தினாள் ஜேனட்.

"மூச்சு இருக்குறவரைக்கும்தான்டி இது நம்மளோடது. நீயும் எறங்கு."