பத்து அங்குலக் கார்பைட்

பெப்ரவரி மாதத்து ஒரு சனிக்கிழமை. காலை ஏழு பத்துக்கு, டோர்செட் பார்க்கில் நான் குடியிருக்கும் அடுக்குமாடியின் வாசலில் சிவத்தின் பிக்கப் வந்து நின்றது. வெளியே மைனஸ் பதினாறு. நாங்கள் போகவேண்டிய இடம் மிண்டன், ரொறன்ரோவுக்கு வடகிழக்கே சுமார் இருநூறு கிலோமீற்றர். அங்கே ஒரு திருத்தும் கடையின் பின்வளவில் என் மருமகன் முகுந்தனின் ஸ்னோமொபீல் ஒரு வருடமாகக் கிடந்தது. பனியில் ஓடும் வண்டி அது. கடைக்காரர் அதைப் பாகங்களுக்காக எழுநூறு டொலருக்கு எடுக்கச் சம்மதித்திருந்தார். முகுந்தன் நேரில் வந்து கையெழுத்து வைக்கவேண்டும். அவனால் இப்போது வாகனம் ஓட்ட முடியாது. எனக்கு வயது எழுபத்தைந்து, நெடுஞ்சாலையில் ஓட்டுவதை நிறுத்திவிட்டேன். அதனால்தான் சிவம். முப்பது வருடம் பெரிய சரக்கு ரக் ஓட்டியவர்.

"கையில என்ன மாஸ்டர், இடியப்பமோ?" என்றார்.

"சான்விச்."

"தப்பினன். போன முறை உங்கட சொதி சீற்றுக்குள்ள இறங்கி, கோடை வரைக்கும் மணந்தது."

நான் யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்தவன். இங்கே தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்றாலும் என் வயதுக்காரருக்கு இன்னும் மாஸ்டர்தான். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது. நடந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏழு ஐம்பதுக்கு அஜக்ஸ். என் மகள் வாசுகி வீட்டு முன்கதவு திறக்கவில்லை. பக்கவாட்டில், பேஸ்மென்ட் கதவைத் திறந்துகொண்டு முகுந்தன் வந்தான். இடது கையை ஜக்கற் பைக்குள் வைத்திருந்தான். தோள் உடைந்து நரம்பு போனதிலிருந்து அந்தக் கை நெஞ்சுக்கு மேலே எழும்பாது. அவன் எலக்ட்ரீஷியன். கூரைக்குக் கை எட்டாதவனுக்கு அந்த வேலை இல்லை. போன வருட ஸ்னோமொபீல் விபத்துக்குப் பிறகு மகள் மேல்மாடியிலும் அவன் பேஸ்மென்ட்டிலும் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, உறைந்த ஏரியில் கண்மண் தெரியாமல் ஓடினவன் என்று அவள் அவனை வெறுத்தாள்.

அப்படி அவளுக்குச் சொன்னவன் நான். ஆஸ்பத்திரி நடையில் நின்று, "வேகமா ஓடியிருக்கிறான் பிள்ளை" என்று சொன்னேன். பின்னால் இன்னொரு வண்டியில் வந்த கூட்டாளி, நாற்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போகவில்லை என்று சத்தியம் செய்தபோது, "கூட்டாளியள் உப்பிடித்தான் சொல்லுவினம்" என்றும் சொன்னேன்.

எட்டரைக்கு 401 நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பினோம். வயல்களில் பனி சமமாகக் கிடந்தது. வேலியோரமாக ஸ்னோமொபீல்களின் தடங்கள் தண்டவாளம்போல ஓடின. இந்த இடத்தில் வாசகருக்குக் கொஞ்சம் விளக்கவேண்டும்.

வண்டியின் முன்னால் இரண்டு ஸ்கீக்கள், அதாவது சறுக்குப் பலகைகள், உண்டு. ஒவ்வொன்றின் அடியிலும் நீளவாக்கில் ஒரு இரும்புக் கம்பி. அதில் கார்பைட் என்ற மிகக் கடினமான உலோகத் துண்டைக் கத்தி விளிம்புபோலப் பதித்திருப்பார்கள். அது பனியை வெட்டிப் பிடித்தால்தான் வண்டி திரும்பும். முன்னே போனவர்களின் கார்பைட்டுகள் பாதையில் கீறிவிட்ட பள்ளங்களில் இந்த விளிம்பு விழுந்தால், வண்டி ஓட்டுபவரைக் கேளாமல் இடமும் வலமுமாகத் துள்ளும். இங்கே அதை டார்ட்டிங் என்பார்கள். போன வருடத்துக்கு முந்தின மார்கழியில், சாப்பாட்டு மேசையில், "ஹாண்டிலைப் பிடிச்சுப் பிடிச்சுத் தோள் நோகுது" என்று முகுந்தன் சும்மா சொன்னான். எனக்கு அது ஒரு பௌதிகக் கணக்காகப் பட்டது. கடதாசியில் படம் கீறினேன். விளிம்பு நீண்டால் பிடி கூடும், பிடி கூடினால் நேராகப் போகும் என்று முடிவுகட்டினேன். அவனைக் கேட்கவில்லை. கடைக்குப் போய், இருந்ததில் நீளமானதைக் கேட்டேன். நாலு அங்குலம் இருந்த இடத்துக்குப் பத்து அங்குலம். சோடி நூற்றி நாற்பது டொலர்.

விற்பவர் ஒரு கேள்வி கேட்டார். வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் சுற்றும் ரப்பர் பட்டியில் ஆணி அடித்திருக்கிறதா? எனக்கு அது என்னவென்றே தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஓம் என்று தலையாட்டினேன்.

தைப்பொங்கலன்று சந்தனப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். "நல்லது மாமா" என்று இரண்டு கையாலும் வாங்கினான். அடுத்த ஞாயிறு போன் எடுத்து, "வண்டியில பூட்டியாச்சே?" என்று கேட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் கேட்டேன். மூன்றாம் ஞாயிறு, "என்ன, பிடிக்கேல்லையோ?" என்று கேட்டேன். நாலாம் கிழமை பூட்டினான். அந்தச் சனிக்கிழமை விழுந்தான்.

இரண்டு நாள் கழித்து, கார்பைட் வந்த வெறும் பெட்டிக்குள் கிடந்த துண்டுத்தாளை முதன்முறையாக வாசித்தேன். பட்டியில் ஆணி இல்லாத வண்டிக்கு இதைப் பூட்டக்கூடாது என்று எழுதியிருந்தது. முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடியில்லாமல் சுழன்று வீசும். பௌதிகம் படிப்பித்தவன் முன்பாதியை மட்டும் யோசித்திருந்தேன்.

ஒன்பதரைக்கு லின்ட்சேயில் கோப்பி. மூன்று கோப்பியும் இரண்டு மபினும் பதினொரு டொலர் நாற்பது சதம். சிவம் முகுந்தனைப் பார்த்துச் சிரித்தார்.

"இனியெண்டாலும் மெல்லமா ஓடு தம்பி. வோக்கரில போனாலும் நீ ஹோர்ன் அடிப்பாய் போல கிடக்கு."

முகுந்தனும் சிரித்தான். "ஓம் அண்ணை, பிழை என்னிலதான்."

என் வாயில் மபின் இருந்தது. நான் மென்றுகொண்டிருந்தேன்.

பத்தரைக்குக் கோபோகோங்க் என்ற ஊரைக் கடந்தோம். "உதுக்குப் பேர் வைச்சவனுக்குத் தொண்டைக்குள்ள மீன்முள்ளுச் சிக்கியிருக்கும்" என்றார் சிவம். அதற்குப் பிறகு ஏரிகள் வந்தன. எல்லாம் வெள்ளை. எது நிலம், எது தண்ணீர் என்று கரையிலிருந்த மரங்களை வைத்துத்தான் சொல்லலாம். முகுந்தன் யன்னல் பக்கம் இருந்தான். ஏரி வந்த பக்கமெல்லாம் தலையைத் திருப்பிக்கொண்டான்.

பதினொன்று ஐந்துக்கு மிண்டன். சிவம் எங்களை இறக்கிவிட்டுப் பெற்றோல் அடிக்கப் போனார். கடைக்காரர் அறுபது வயதுள்ள வெள்ளைக்காரர், காதுவரை தொப்பி. கான்வஸ் மூடியை இழுத்தார். வண்டியின் ஒரு பக்கம் நசுங்கி இருந்தது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்கீயின் அடியில் பெருவிரலை ஓட்டினார். பிறகு பின்பட்டியைக் கையால் சுழற்றிப் பார்த்தார். ஒரு ஆணிகூட இல்லை.

"எந்த மடையன் இதைப் பூட்டினான்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் முகுந்தன், "நான்தான்" என்றான்.

கடைக்காரர் தலையை ஆட்டிவிட்டு, ஓட்டுபவரின் ஆசனத்துக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து சாமான்களை எடுத்து வைத்தார். ஒரு கையுறை, பெல்ட், பிரிக்காத ஒரு நீளப் பொதி. பொதியைத் தூக்கிப் பார்த்தார். இரட்டை விளிம்புக் கார்பைட். இரண்டு கோடாக இருப்பதால் பழைய பள்ளத்துக்குள் விழாது, டார்ட்டிங் குறையும், ஆணி இல்லாத பட்டிக்கும் ஒத்துவரும் அளவு என்று விளக்கினார். "சரியானதை வாங்கி வைத்துக்கொண்டு ஏன் பூட்டவில்லை?"

"மறந்துபோனேன்" என்றான் முகுந்தன்.

பற்றுச்சீட்டு பொதியிலேயே ஒட்டியிருந்தது. நான் கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். மார்கழி மாதத்துத் திகதி. நான் பொங்கலுக்குக் கொடுப்பதற்கு முன்பே அவன் வாங்கியிருக்கிறான்.

கையெழுத்து வைக்க மூன்று நிமிடம் எடுத்தது. வெளியே வந்து, சிவத்துக்காகக் காத்துக்கொண்டு ஆற்றுப் பாலத்தடியில் நின்றோம். நடு ஆறு உறையாமல் கறுப்பாக ஓடியது.

"தம்பி, உமக்குத் தெரியும்தானே, அது பிழையான சாமான் எண்டு."

"தெரியும் மாமா."

"பிறகேன் பூட்டினீர்?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "நீங்கள் பொட்டு வைச்சுத் தந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கேட்டனீங்கள். மெல்லமா ஓடினாச் சமாளிக்கலாம் எண்டு நினைச்சன்."

"இண்டைக்கு வாசுகிக்குச் சொல்லப்போறன்."

"ஐயோ, வேண்டாம் மாமா." இப்போதுதான் திரும்பினான். "போன கிழமைதான் மேல வந்து சாப்பிடச் சொன்னவ. முதல் தரம். ரசமும் கிழங்கும். கொஞ்சம் கொஞ்சமாச் சரிவருது. ப்ளீஸ், குழப்பாதேங்கோ."

"உம்மிலதான் பிழை எண்டு அவள் நினைக்கிறாள்."

"நினைக்கட்டும். அது எனக்குப் பழகிப்போச்சு."

திரும்பும் வழியில், லின்ட்சேக்குப் பக்கத்தில் பெற்றோல் லீற்றர் ஒரு டொலர் நாற்பத்தாறு என்று பலகை காட்டியது. மிண்டனில் மூன்று சதம் கூடக் கொடுத்தேன் என்று சிவம் புறுபுறுத்தார். நான் முன் ஆசனத்தில் இருந்தேன். பின்னால் முகுந்தன், வலிக்கும் கையை மடியில் வைத்துக்கொண்டு நித்திரையாகியிருந்தான். சொல்லவேண்டாம் என்று அவன் கேட்டிருந்தான். வாசுகிக்கு உண்மை தெரியவேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என்னால் சுமக்க முடியவில்லை, இறக்கிவைக்க ஒரு இடம் வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

மூன்று ஐம்பதுக்கு அஜக்ஸ். சிவத்துக்கு ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம் இருந்தது, நான் ரயிலில் போகிறேன் என்று அனுப்பிவிட்டேன். முகுந்தன் பேஸ்மென்ட் கதவால் உள்ளே போனான். அது சாத்தும்வரை நின்று, நான் முன்கதவைத் தட்டினேன்.

பிள்ளைகள் நீச்சல் வகுப்பில். வாசுகி தேத்தண்ணி போட்டு வைத்தாள். நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கார்பைட், விற்பவரின் கேள்வி, மூன்று ஞாயிறு, ஆஸ்பத்திரி நடையில் சொன்ன சொல்.

"அவருக்குத் தெரியுமோ அப்பா?"

"தெரியும்."

"எப்பவில இருந்து?"

"தொடக்கத்தில இருந்து."

"ஒரு வருசம்" என்றாள். "ஒரு வருசமா நான் அவரை வாய்க்கு வந்தபடி பேசினனான். பிள்ளையளுக்கு முன்னால. அவர் கேட்டுக்கொண்டு இருந்தவர், உங்கட மரியாதையக் காப்பாத்த. நான் ஆர் அவருக்கு? எனக்கு உண்மை சொல்ல ஒருத்தருக்கும் தோணேல்ல, என்ன? இட்ஸ் லைக், நீங்கள் ரெண்டு பேரும் ஒரு வீடு, நான் வெளியாள்."

"பிள்ளை, அவனில பிழையில்ல..."

"நீங்கள் போங்கோ அப்பா."

நான் தொடாத தேத்தண்ணியை எடுத்துச் சிங்கில் ஊற்றினாள்.

ஐந்து பத்துக்கு ஸ்ரேசனில் நின்றேன். அடுத்த ரயிலுக்கு இருபத்திரண்டு நிமிடம். மேற்கே போகும் மேடையில் என்னோடு நாலைந்து பேர், எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டு. என் போன் அடித்தது.

"சொல்லிப்போட்டீங்கள் மாமா" என்றான் முகுந்தன். குரலில் கோபம் இல்லை.

"ஓம் தம்பி."

"அவ பாக் எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டிட்டா. பிள்ளையளை நீச்சலால ஏத்திக்கொண்டு மிசிசாகாவுக்கு, சிநேகிதி வீட்ட. எப்ப வருவா எண்டு கேட்டன், மறுமொழி இல்ல."

ஏசமாட்டானா என்று காத்திருந்தேன். இந்த ஒரு வருடத்தில் ஒருமுறையாவது, இப்போதாவது.

"ஸ்ரேசனுக்கு நடந்தே போனீங்கள்?" என்றான்.

"ஓம்."

"மேடையில உப்புப் போட்டிருக்க மாட்டாங்கள், சறுக்கும். கரையில நில்லாதேங்கோ மாமா."

நான் ஓம் என்றேன். அவன் சொன்னபடி சுவரோரமாகத் தள்ளி நின்றேன்.