இடக்கை முடிச்சு

பேருந்து மாறக் கருமத்தம்பட்டியில் இறங்கியவன், கூட்டத்தைப் பார்த்து ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிறேன். பந்தி மேசைகளில் இலைகளுக்குப் பதில் மிக்சியும் மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும். ஞாயிற்றுக்கிழமை ஊர்க்காரர்களே கூடி, கூலி வாங்காமல் அக்கம்பக்கத்தார் சாமான்களைப் பழுதுபார்க்கிறார்கள்.

ஓரத்து மேசையில் செல்வி ஒரு கிரைண்டர் மோட்டாரைத் திறக்கிறார். மற்ற நாட்களில் கோவையில் ஒரு மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுபவர். எதிரே கிரைண்டரின் சொந்தக்காரர் மேரி. இட்லி மாவு ஆட்டி விற்பதுதான் அவர் பிழைப்பு.

"காயில் போயிருச்சு, புதுசு வாங்கிக்கங்கன்னு கடையில சொல்லிப்போட்டாங்க கண்ணு."

செல்வி டார்ச் அடித்து உள்ளே பார்க்கிறார். கை அப்படியே நிற்கிறது.

"ஏனுங்கக்கா, இது நாங் கட்டுன காயிலுங்க!"

எப்படித் தெரியும் என்று கேட்கிறேன். செம்புக் கம்பிகளை இறுக்கிய வெள்ளை நூலைத் தொட்டுக் காட்டுகிறார்.

"எனக்கு எடக்கைங்க. முடிச்சு எதிர்ப்பக்கமா உழும். எங்க கம்பெனில வேற யாருக்கும் இப்படி உழாதுங்க. கருகவே இல்ல பாருங்க."

உண்மைதான். கெட்டிருப்பது மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சர் மட்டும். அதை மாற்றி சுவிட்சைப் போட்டதும் மோட்டார் சீராகச் சுற்றுகிறது. மேரி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறார்.

செல்வியைப் படம் எடுக்க போனை உயர்த்துகிறேன். அவர் முகத்தை விலக்கிக்கொண்டு, மோட்டாரை நிறுத்தி என் பக்கம் திருப்பி வைக்கிறார்.

"என்ர மூஞ்சி எதுக்குங்க? மூடறதுக்குள்ள முடிச்சைப் படம் எடுங்க. நாளைக்குக் கம்பெனில காட்டோணும்."