பட்டன் தின்ற இரண்டு பூச்சிகள்

எதிர்வீட்டுக்காரி இரண்டு கைகளாலும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை இறுகப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளே கொஞ்சம் கால்சியம் பவுடர், எட்டுச் சுவர்க்கோழிப் பூச்சிக் குஞ்சுகள். பூச்சிகள் மாவில் புரட்டியதுபோல வெள்ளையாக வேண்டும், அப்போதுதான் குட்டித் தவளைக்கு எலும்பு உறுதிப்படும் என்று அவள் மகள் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். குலுக்குகிறவள் கண்களை மூடியிருந்தாள்.

"கண்ணைத் திற. மூடி கழண்டாக்கூட உனக்குத் தெரியாது," என்றேன்.

"கழண்டா நான் இங்க இருக்க மாட்டேன்க்கா. ஜன்னல் வழியா போயிருப்பேன்."

அவளுக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை. அங்கே நீராவி என்று பட்டப்பெயர். இஸ்திரி இயந்திரத்தருகே நிற்பதால் பாதி, கோபம் வந்தால் விடுகிற மூச்சால் பாதி. அழுக்குப் போர்வைகளைப் பிரிக்கும்போது ஊசி வரும், ரத்தம் வரும், ஒருமுறை யாருடைய பல்செட்டோ வந்தது. எதற்கும் அசையாதவள். பூச்சிக்கு மட்டும் குலைநடுக்கம். ஏழு வயதில், தூக்கத்தில் காதுக்குள் கரப்பான் புகுந்துவிட்டது. எண்ணெய் ஊற்றி எடுத்தார்கள். எடுத்த பிறகும் ஒரு மாதம் உள்ளே நடக்கிற சத்தம் கேட்டதாம்.

வீட்டில் அவளும் மகளும்தான். மூன்று வருஷத்துக்கு முன் மகள் ஏழு மீன் வளர்த்தாள். அம்மா ஒருநாள் மீன்தொட்டியைப் பிளீச்சிங் போட்டுப் பளபளவென்று கழுவினாள். சாயங்காலத்துக்குள் ஏழும் மிதந்தன. "தானா செத்துப்போச்சு" என்று சொல்லிவிட்டாள். மகள் தொட்டி கழுவிய வாளியை முகர்ந்து பார்த்தாள், சண்டை போடவில்லை. அன்றிலிருந்து தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டாள். ஊர்த்துணியெல்லாம் வெளுப்பவள் வீட்டில், பெற்ற பெண்ணின் துணி மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

இப்போது இரண்டு வாரப் பயிற்சிக்கு வெளியூர் போகும்போது, தலைப்பிரட்டையிலிருந்து தான் வளர்த்த தவளையை அம்மாவிடம் விட்டுப் போயிருக்கிறாள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும், பேரும் பட்டன். மீனுக்குப் பிறகு அவள் கையில் மகள் ஒப்படைத்த முதல் பொருள் அதுதான்.

இடுக்கியால் ஒரு பூச்சியை எடுத்து, கையை முடிந்தவரை நீட்டிக் கண்ணாடித் தொட்டிக்குள் விட்டாள். பட்டன் ஒரு தாவலில் விழுங்கியது. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதற்கு டப்பாவைத் திறந்தபோது எனக்கு ஒரு நெடி அடித்தது. முப்பது வருஷம் நர்ஸாக நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவளுக்கு அந்த நெடி மறக்காது.

"இந்த டப்பாவை எதுல கழுவின?"

"காலையில பிளீச்சிங் தண்ணியில ஊறப்போட்டேன். இடுக்கியும்தான். ஒரே நாத்தம்க்கா."

"அப்புறம் அலசினியா?"

"துணியால தொடச்சேன். வாய்க்குள்ள போறதுன்னா சுத்தமா இருக்க வேணாமா?"

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இருவரும் டப்பாவைப் பார்த்தோம். ஒரு பூச்சி மல்லாந்து கிடந்து காலை உதைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்தது சாய்ந்தது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது கத்தி மாட்டிக்கொள்கிற தவளையைப் பற்றியது. இது வாயே திறக்காத ஜீவன். கொடுத்ததைத் தின்றது, அவ்வளவுதான்.

"அக்கா, வயித்துலேர்ந்து எடுக்க முடியாதா?"

"மனுஷனா இருந்தாலே யோசிப்பேன். இது பொத்தான். தொட்டியிலேர்ந்து கையை எடு."

தவளைக்குத் தோலும் ஒரு வாய்தான், பட்டதையெல்லாம் உறிஞ்சும். மகள் குழாய்த் தண்ணீரை ஒருநாள் ஆறவிட்டு இரண்டு பாட்டிலில் வைத்திருந்தாள். அதை ஒரு புதுக் கிண்ணத்தில் விரலாழம் ஊற்றி, தவளையை அதற்குள் நகர்த்தினோம். தொட்டியையும் வெறும் தண்ணீரால் பலமுறை அலசினோம். கால்மணிக்கொருமுறை தண்ணீர் மாற்றினேன். இடையில் தொண்டைத் துடிப்பை எண்ணினேன். முதலில் எண்ணமுடியாத வேகம். பிறகு நின்றது. அவள் என் தோளைப் பிடித்தாள், நகம் பதிந்தது. மறுபடி துடித்தது.

டப்பாவில் ஆறும் செத்திருந்தன.

ஏழு மணிக்குப் போன் அடித்தது. மகள். எதிர்வீட்டுக்காரி போனைக் கரப்பானைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். பிறகு எடுத்தாள்.

"பட்டன் சாப்பிட்டுச்சாம்மா?"

"சாப்பிட்டுச்சு. ரெண்டு."

"பூச்சி எடுக்கப் பயமா இருந்துச்சா?"

"இல்ல," என்று வைத்துவிட்டாள்.

"பாதி உண்மை," என்றேன்.

"பாதியாவது சொன்னேன்ல." நீராவி விடவில்லை, குரலே எழும்பவில்லை. "செத்துப்போனா இன்னொண்ணு புடிச்சு விட்டுடலாமாக்கா? தவளைக்கு என்ன, எல்லாம் ஒரே மூஞ்சிதானே."

"உன் பொண்ணுக்கு வாளியோட நெடியே தெரிஞ்சுது. மூஞ்சி தெரியாதா?"

தவளையைத் தொட்டிக்கு மாற்றி மேலே ஒரு மெல்லிய துணியைப் போட்டோம். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, நோண்டாமல் இருப்பதைத் தவிர. அதையும் சொல்லிவிட்டு நான் என் வீட்டுக்குப் போனேன்.

காலை ஆறு மணிக்குக் கதவைத் தட்டினாள். கையில் போன், ஸ்பீக்கரில். கண் வீங்கியிருந்தது. நான் அவள் வீட்டுக்குள் போனபோது எல்லாவற்றையும் மகளிடம் சொல்லி முடித்திருந்தாள்: டப்பா, இடுக்கி, ஆறு பூச்சி. மூன்று வருஷத்து மீனையும் சேர்த்து.

மறுமுனையில் மகள், "துணியை எடுத்துப் பாத்தியா?"

"இல்ல. பாத்துட்டுச் சொன்னா, பாத்ததுக்கு ஏத்தமாதிரி சொல்லிடுவேன். அதான் மொதல்ல உனக்குப் போன் பண்ணேன்."

"சரி. இப்ப எடு."

எடுக்க அவளால் முடியவில்லை. நானும் எடுக்கவில்லை, அது என் வேலை இல்லை. மூன்றாவது முயற்சியில் எடுத்தாள்.

பட்டன் மூலையில், ஈர இலைக்கு அடியில் இருந்தது. நிறம் மங்கியிருந்தது. தொண்டை துடித்தது.

"இருக்கு," என்றேன் போனைப் பார்த்து.

"அம்மா, கேக்குதா? தின்னுதான்னு பாக்கணும். கடையிலேர்ந்து பூச்சி வந்த அட்டைப்பெட்டி பால்கனியில இருக்கு, அதைக் கழுவலையே?"

"அட்டைய எப்படிடி கழுவுவேன்?"

"நீ கழுவினாலும் கழுவுவ. அதுலேர்ந்து ஒண்ணு எடு. இடுக்கி வேணாம். சோப்பும் போடாத. வெறும் தண்ணியில கையைக் கழுவிட்டு, கையாலயே எடு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தேன், அவ்வளவுதான். கையைக் கழுவினாள். திறந்தாள். உள்ளே சரசரவென்று ஓடின. காதைத் தோளோடு அழுத்திக்கொண்டு, கண்ணை மூடாமல், கையை உள்ளே விட்டாள். இருமுறை தப்பியது. மூன்றாவது முறை இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு குஞ்சு உதைத்துக்கொண்டிருந்தது.

தொட்டிக்குள் விட்டாள். பட்டன் அசையவில்லை. பூச்சி இலைமேல் ஏறியது, இறங்கியது. பட்டன் தலையைத் திருப்பியது. பிறகு பூச்சியைக் காணோம்.

"ஒண்ணு," என்றாள் போனில்.

கையை உதறவில்லை. இன்னொன்றுக்காகப் பெட்டிக்குள் விட்டாள்.